ஆங்கிலம்–தமிழ் அகராதி வாங்கப் போகிறீர்களா? ‘டிரை’ இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

தர்மபுரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களும் அதிகம் வாங்குவது கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதியைத்தான். அட்டையில் போட்டிருக்கும் ‘இத்தனை ஆயிரம் சொற்கள்’ என்ற கணக்கை நம்பி வாங்க வேண்டாம். கடையிலேயே ‘டிரை’ (dry) என்ற பெயரடையைத் தேடிப் பாருங்கள், அகராதியின் தரம் தெரிந்துவிடும்.

கையடக்க அகராதியில் பெரும்பாலும் ‘உலர்ந்த, காய்ந்த, வறண்ட’ என்று மூன்று சொற்கள் வரிசையாக இருக்கும். மூன்றும் சரியான தமிழ்தான். எதை எங்கே போடுவது என்று சொல்லாமல் விடுவதுதான் பெரிய குறை. துணி உலரும், விறகு காயும், தொண்டை வறளும், ஏரி வற்றும். பல பொருள்களுக்கு நம்மிடம் தனிப்பெயரே உண்டு: டிரை ஃபிஷ் கருவாடு, டிரை ஜிஞ்சர் சுக்கு, டிரை சில்லி வரமிளகாய்.

மொழிபெயர்ப்புக் கேள்வியில் மதிப்பெண் போவது இங்கேதான். ‘டிரை லேண்ட்’ என்று வந்தால் அகராதியைப் பார்த்து ‘வறண்ட நிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அரூர், பென்னாகரம் பக்கம் மழையை நம்பிச் சாமையும் ராகியும் விதைக்கும் காட்டை யாராவது வறண்ட நிலம் என்பார்களா? அது மானாவாரி, நிலப் பதிவேட்டில் புன்செய். ‘டிரை கவ்’ என்பதும் மெலிந்த மாடு அல்ல, பால் வற்றிய மாடு. கன்று ஈனுவதற்கு முன் சுமார் 60 நாள் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுக்கும் காலத்தைத்தான் கால்நடைப் பாடத்தில் ‘டிரை பீரியட்’ என்கிறார்கள்.

அறிவியல் பாடத்தில் குழப்பம் இன்னும் கூடும். டிரை செல்லுக்குள் இருக்கும் மின்பகுபொருள் ஈரப்பசையாகத்தான் இருக்கிறது. சிந்தும் திரவம் இல்லை என்பதால் அந்தப் பெயர். முற்றிலும் காய்ந்துவிட்டால் அது வேலையே செய்யாது. டிரை கிளீனிங்கில் துணி நனையத்தான் செய்கிறது, ஆனால் தண்ணீரில் அல்ல, கரைப்பானில். டிரை ஐஸ் என்பது திட கார்பன் டை ஆக்சைடு. சாதாரண அழுத்தத்தில் சுமார் −78.5 டிகிரி செல்சியசில் உருகாமல் நேராக வாயுவாகிவிடும். டிரை ஒயின் இனிப்பில்லாதது, டிரை டே மதுக்கடை மூடிய நாள், டிரை ரன் ஒத்திகை. இவற்றில் பாதியாவது இல்லாத அகராதி எழுத்துக்கூட்டல் பார்க்க மட்டுமே உதவும்.

அடுத்து எதிர்ச்சொல்லைப் பாருங்கள். துணிக்கு ‘வெட்’, ஒயினுக்கு ‘ஸ்வீட்’, சருமத்துக்கு ‘ஆய்லி’ என்று பொருளுக்குப் பொருள் மாறும். இதைப் பிரித்துக் காட்டும் அகராதிதான் நல்ல அகராதி.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் நடுத்தர அகராதி போதும். பொருள்களுக்கு 1, 2, 3 என எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைத் தயங்காமல் சொல்லலாம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, பிறமொழிக்காரர்களை மனதில் வைத்து 1942-இல் கொண்டுவந்த அகராதியின் வழிவந்தது அது. எந்தப் பெயர்ச்சொல்லோடு எது சேரும் என்பதை அதைப்போல் விளக்குபவை குறைவு. தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். நடை பழையது, பொருள் வளம் அதிகம்.

பணம் கொடுக்கும் முன் நடுப்பக்கத்தை நன்றாக விரித்துப் பாருங்கள். உள்மடிப்பில் தையல் நூல் தெரிந்தால் வாங்கலாம். வெறும் பசை மட்டும் போட்டதென்றால் அடிக்கடி விரிக்கும் இடத்தில் முதுகு வெடித்து, தாள்கள் கொத்தாகக் கழன்று வரும்.