மருந்தளவுக் கணக்கு: ஃபார்முலாவா, விகிதமா, அலகு வெட்டலா?

எந்த முறை நல்லது என்று நர்சிங் மாணவர்களைக் கேட்டால், அவரவர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வார்கள். ஒழுங்காகப் போட்டால் மூன்றிலும் ஒரே விடைதான். ஒழுங்காகப் போடாதபோதுதான் வித்தியாசம் தெரியும். தப்பை எது காட்டிக்கொடுக்கிறது, எது மறைக்கிறது என்பதை வைத்தே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஃபார்முலா எல்லோருக்கும் தெரிந்தது. வேண்டிய அளவைக் கையிலுள்ள அளவால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். அமாக்சிசிலின் சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கிறது, டாக்டர் எழுதியது 400 மி.கி. என்றால், 400 ÷ 250 × 5 = 8 மி.லி. ஒரே வரி, பத்து விநாடி. வார்டில் கொடுக்கும் மாத்திரை, சிரப், ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும்.

ஆனால் அலகு மாறினால் ஃபார்முலா வாய் திறக்காது. டிகாக்சின் என்ற இதய மருந்து 0.125 மி.கி. எழுதியிருக்கிறது, அட்டையில் 250 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. முதலில் 0.125 மி.கி.யை 125 மைக்ரோகிராம் ஆக்கினால் அரை மாத்திரை. அவசரத்தில் 1250 என்று மாற்றிவிட்டால் விடை 5 மாத்திரை. ஃபார்முலாவைப் பொறுத்தவரை அதுவும் சரியான கணக்குதான்! டிகாக்சினோ, மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான மருந்து. ஒரு வேளைக்கே நாலைந்து மாத்திரை என்று விடை வந்தால், எந்த முறையில் போட்டிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

விகித முறை பள்ளிக்கூடத்துக் கணக்கேதான்: 250 மி.கி.க்கு 5 மி.லி. என்றால் 400 மி.கி.க்கு எவ்வளவு? ஃபார்முலா மறந்துபோனாலும் இது மறக்காது. இடமும் வலமும் மாறாமல் எழுதினால் போதும். படி கூடக் கூட இழுத்துக்கொண்டே போகும் என்பதுதான் தொல்லை.

ஐசியூவுக்குள் போனதும் அலகு வெட்டல், அதாவது மேலும் கீழும் வரும் ஒரே அலகுகளை அடித்து விடை காணும் முறை, முந்திக்கொள்ளும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமின் 5 மைக்ரோகிராம், கிலோவுக்கு, நிமிடத்துக்கு. நோயாளி 60 கிலோ. 250 மி.லி. திரவத்தில் 400 மி.கி. கலந்திருக்கிறது. மருந்தை நரம்பு வழியாக ஏற்றும் பம்ப் கேட்பதோ மணிக்கு எத்தனை மி.லி. என்று. எல்லாவற்றையும் அலகோடு ஒரே வரிசையில் எழுத வேண்டும்:

5 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம் × 60 கிலோ × 60 நிமிடம்/மணி × 1 மி.கி./1000 மைக்ரோகிராம் × 250 மி.லி./400 மி.கி.

கிலோ, நிமிடம், மைக்ரோகிராம், மி.கி. எல்லாம் அடிபட்டு மி.லி./மணி மட்டும் மிஞ்சும்: 11.25. நிமிடத்தை மணியாக்க மறந்திருந்தால் கடைசியில் மி.லி./நிமிடம் என்று நிற்கும். 250/400ஐத் தலைகீழாக எழுதியிருந்தால் மி.கி. அடிபடாது. கால்குலேட்டரைத் தொடும் முன்பே தப்பு வெளியே வந்துவிடும். இதே கணக்கை ஃபார்முலாவில் போட்டால் துண்டு துண்டாகத்தான் போட வேண்டும், ஒவ்வொரு துண்டிலும் ஒன்று நழுவலாம்.

இதற்கும் கண் தெரியாத இடம் உண்டு. பவுண்டில் எடுத்த 132ஐக் கிலோ என்று எழுதிவிட்டால் அலகெல்லாம் அழகாக அடிபட்டு 24.75 வரும், தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். லேபிளைத் தவறாகப் படித்தாலும் இதே கதிதான்.

என் தேர்வு: ஒற்றைப் படிக் கணக்குக்கு ஃபார்முலா, எடையும் நேரமும் சேர்ந்து வந்தால் அலகு வெட்டல். விகிதத்தைச் சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். ஹெபாரின் (இரத்தம் உறையாமல் தடுப்பது), இன்சுலின் போன்றவற்றை இன்னொரு நர்ஸ் சரிபார்க்கும்போது, முதலாமவர் போட்ட விடையைக் காட்டி "சரிதானே?" என்று கேட்பது சரிபார்ப்பே அல்ல. இரண்டாமவர், டாக்டர் எழுதியதையும் லேபிளையும் தானே படித்து, முடிந்தால் வேறு முறையில் போட்டு, அதன் பிறகே இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.