நர்சரியில் 'இன்டோர்' என்று விற்கும் செடிகள்: எது எந்த மூலைக்கு ஆகும்?

நர்சரியில் 'இன்டோர்' என்று எழுதிவைத்த வரிசையில் ஸீஸீ செடியும் அரிகா பனையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆனால் அரிகா செழிக்க வேண்டுமானால் ஸீஸீக்குப் போதுமான வெளிச்சத்தைப்போல் பல மடங்கு வேண்டும். சோபா மூலைக்கு எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்து அரிகாவை வாங்கி வைப்பார்கள். ஒன்றரை மாதத்தில் அடி மட்டைகள் மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். வேர் அழுகிவிடும். செடியிலும் குறையில்லை, வளர்த்தவர் கையிலும் குறையில்லை. இடம்தான் தப்பு. அதனால் தமிழ்நாட்டு அடுக்குமாடி வீடுகளில் அதிகம் வாங்கப்படும் சில செடிகளை, அவற்றை வைக்கும் இடத்தைக் கொண்டே இங்கே எடை போட்டிருக்கிறோம்.

முதலில் திசை. 'தெற்கு ஜன்னல்தான் அதிக வெளிச்சம் தரும்' என்று பல வீடியோக்கள் சொல்வது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நாட்களில் சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாகவே போகும். கத்திரி வெயில் காலத்தில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது; வடக்கு பால்கனியில் காலையும் மாலையும் சாய்வாக விழும். மார்கழியில் இது அப்படியே தலைகீழ். சூரியன் தெற்கே சாய்வதால், சன்ஷேடு இல்லாத தெற்கு ஜன்னலில் நண்பகல் வெயில் ஒன்றரை மீட்டர் வரை அறைக்குள் வரும். சித்திரையில் நன்றாக இருந்த பீஸ் லில்லி அதே இடத்தில் மார்கழியில் கருகுவதற்கு இதுதான் காரணம். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், செடிகளின் இடத்தை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

கிழக்கு ஜன்னல் வருடம் முழுக்க நல்லது. காலை 9 மணி வரை விழும் வெயிலை ஏறக்குறைய எல்லாச் செடியும் தாங்கும். மேற்கு ஜன்னல்தான் ஆபத்து. பிற்பகல் 3 மணிக்கு மேல் கண்ணாடியும் கிரில்லும் சூடேறி, அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலைகளில் காகிதம் மாதிரி வெளிர்பழுப்புத் திட்டு விழும். கண்ணாடியிலிருந்து 2 அடி தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள தரையை. நம் வீடுகளில் ஜன்னல் அடிமட்டம் பெரும்பாலும் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே சுவரை ஒட்டித் தரையில் வைத்த தொட்டிக்கு வானம் தெரியாது. ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைப்போம், ஆனால் அங்கே இருப்பது சுவரின் நிழல். அதே தொட்டியை ஒன்றரை முதல் 2 அடி உயர ஸ்டாண்டில் ஏற்றினால் செடியே மாறிவிடும். கொசுவலையும் டின்ட் ஒட்டிய கண்ணாடியும் வெளிச்சத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கண்ணை நம்பாதீர்கள். இருட்டு மூலைக்கும் கண் பழகிவிடும். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் (வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பது) ஒன்றை இறக்கி, இலை இருக்கும் இடத்தில் போனின் திரை ஜன்னலைப் பார்க்கும்படி பிடித்து, காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் அளவெடுங்கள். போன் சென்சார் துல்லியமாக இருக்காது, ஆனாலும் மூலைக்கு மூலை ஒப்பிட அது போதும். வெளியே நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை காட்டும் நாளில், ஹாலின் உள்மூலையில் 100 கூட வராமல் போகலாம். பகல் முழுக்க 200-ஐத் தாண்டாத இடத்தில் எந்தச் செடியும் வளராது. சேமிப்பைச் செலவழித்து மெல்ல மெல்லத் தேயும். அந்த மூலையில் செடிதான் வேண்டும் என்றால், இலைக்கு ஒரு அடி மேலே வெள்ளை எல்இடி விளக்கு மாட்டி தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரிய விடுங்கள்.

இனி செடிகள். மங்கலான இடத்துக்கு முதலிடம் ஸீஸீக்குத்தான். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்துத் தண்ணீரைச் சேமிக்கிறது, அதனால் 300 முதல் 500 லக்ஸில் கூட நிற்கும். உள்நடை, டிவி அலமாரி, படுக்கையறை மூலை என்று எங்கும் வைக்கலாம். 6 அங்குலத் தொட்டிக்கு 15–20 நாளைக்கு ஒரு தடவை 300 மில்லி தண்ணீர் போதும். தென்னை ஈர்க்கை 3 அங்குலம் குத்தி எடுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டாம். அடித்தண்டு மஞ்சளாகி மெதுமெதுவென்று ஆனால் கிழங்கு அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே பிடுங்கி, அழுகியதை வெட்டி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, புதுக் கலவையில் நடுங்கள்.

ஸ்நேக் பிளான்ட் நம் ஊர் மருள் செடியின் உறவு. மேற்கு ஜன்னல் சூட்டைத் தாங்கும் ஒரே இன்டோர் செடி என்றே சொல்லலாம், நிழலிலிருந்து பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கினால் போதும். தண்ணீரை நடுக்குருத்தில் ஊற்றவே கூடாது. அங்கே தேங்கினால், இலையைப் பிடித்து லேசாக இழுத்தாலே பழுப்பாகக் கொழகொழத்த அடியோடு கையில் வந்துவிடும். 'ராத்திரி ஆக்சிஜன் தரும், படுக்கையறைக்கு நல்லது' என்று சொல்லி விற்பது சரியல்ல. இரவில் இது கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்துச் சேமிக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சும் அப்படித்தான். அது 1989-ல் வெளிவந்த நாசா ஆய்விலிருந்து வந்தது, சோதனை நடந்தது மூடிய சிறு பெட்டிகளில். இதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை, ஜன்னல் வழியாக வந்துபோகும் காற்றுக்கு ஈடாகச் சுத்தம் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டியிருக்கும் என்று காட்டியது. கண்ணுக்கும் மனதுக்கும் குளிர்ச்சி, அதற்காக வாங்குங்கள். அதுவே பெரிய காரணம்.

மணி பிளான்ட் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். புத்தக அலமாரி உச்சியிலிருந்து தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். தேங்காய் நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிட்டால் இலை பெரிதாகும். ஹால் மூலையில் 4 அடி உயரத்துக்கு ஏதாவது வேண்டும், பெரிய செடிக்குப் பணம் கொட்ட மனமில்லை என்பவர்கள் இப்படி ஏற்றிய மணி பிளான்டையே வைக்கலாம். இலையின் மஞ்சள் கோடுகள் மறைந்து வெறும் பச்சையானால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம், ஜன்னல் பக்கம் 3 அடி நகர்த்துங்கள். பாட்டிலில் தண்ணீரில் வளர்ப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரித் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுவதோடு பாட்டிலின் உட்சுவரையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தொட்டிக்கடியில் வைக்கும் தட்டுக்கும் இதே விதிதான்.

பீஸ் லில்லியும் அக்லோனிமாவும் நடுத்தர வெளிச்சத்துக்கு, அதாவது 1,000 லக்ஸும் அதற்கு மேலும் உள்ள இடத்துக்கு. பீஸ் லில்லி தண்ணீர் கேட்டுத் தொய்ந்து விழும், ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். தண்ணீர் ஊற்ற மறந்துவிடுபவர்களுக்கு நல்ல செடி. ஆனால் ஏசி காற்று நேரே படும் இடத்தில் நுனி கருகும், குறைந்தது 5 அடி தள்ளி, காற்று வீசும் பாதைக்கு வெளியே வையுங்கள். அக்லோனிமாவில் பச்சை வகைகள் மங்கலையும் பொறுக்கும். சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளுக்குக் கிழக்கு ஜன்னல் வேண்டும், இல்லாவிட்டால் நிறம் போய்விடும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வரும், வாரம் ஒரு தடவை அங்கே பாருங்கள்.

அரிகா பனையை ஹாலின் உள்ளே நிரந்தரமாக வைக்க வாங்காதீர்கள். அதன் இடம் பால்கனி வாசல், அல்லது கிழக்கு ஜன்னலுக்கு 3 அடிக்குள். ஹாலில்தான் வேண்டும் என்றால் இரண்டு வாங்கி, 15 நாளைக்கு ஒரு முறை பால்கனிக்கும் ஹாலுக்கும் மாற்றுங்கள். ஏசி அறையின் வறட்சியில் செஞ்சிலந்தி வந்துவிடும். இலையின் மேலே ஊசி குத்திய மாதிரி வெளிர்புள்ளிகள் தெரியும், திருப்பினால் நரம்பை ஒட்டி மெல்லிய நூலாம்படை. அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் அடியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று வாரம் அடித்தால்தான் புதிதாகப் பொரிப்பவையும் ஒழியும்.

படங்களில் பார்த்து ஆசைப்படும் ஃபிடில் லீஃப், ஆலுக்கும் அரசுக்கும் உறவு. அவை திறந்த வெளிச்சத்தில் வளரும் மரங்கள். இதுவும் அப்படித்தான், இடம் மாற்றினாலே இலை உதிர்க்கும். பெரிய ஜன்னல் இல்லாத வீட்டுக்கு வேண்டாம். அதே கம்பீரத்தை ரப்பர் செடி இன்னும் குறைந்த பராமரிப்பில் தரும். கிழக்கு ஜன்னல் பக்கத்தில் வைத்து, வாரம் ஒரு முறை ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைத்தால் போதும்.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனை, நாயோ இருந்தால் ஸீஸீ, மணி பிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா நான்கையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்தால் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் குத்தி வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அரிகாவால் அந்தத் தொல்லை இல்லை.

அலங்காரத் தொட்டிகளில் பல அடியில் ஓட்டை இல்லாமல் வருகின்றன. அவற்றில் நேரே நடாதீர்கள். செடியை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதை அலங்காரத் தொட்டிக்குள் உடைந்த டைல்ஸ் துண்டின் மேல் இறக்கினால் தேங்கும் தண்ணீர் வேரைத் தொடாது. அடியில் கூழாங்கல் பரப்புவது பயன் தராது. ஈரம் கல்லுக்கு மேலே மண்ணிலேயே நின்று, வேருக்கு இன்னும் கிட்ட வந்துவிடும். நர்சரி செம்மண் வீட்டுக்குள் கட்டியாக இறுகும். கோகோபீட் (தென்னை நார்த் தூள்) 2 பங்கு, மண்புழு உரம் 1, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) 1 கலந்து மாற்றுங்கள். ஸீஸீக்கும் ஸ்நேக் பிளான்டுக்கும் பெர்லைட்டை இரட்டிப்பாக்குங்கள். உப்புப் போகக் கோகோபீட்டை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். போர் தண்ணீரால் மண்மேல் வெள்ளைப் படலம் படிந்தால் மாதம் ஒரு முறை மழைத்தண்ணீரோ ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரோ ஊற்றி அடிவழியே ஓடவிடுங்கள். ஆர்ஓ கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

நர்சரியில் தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள்; ஓட்டை வழியே வேர் கற்றையாக வெளியே வந்திருந்தால் வேறு செடி கேளுங்கள். இலைகளின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் பால்கனி நிழலில் பத்து நாள் தனியாக வையுங்கள், பூச்சி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு ஹாலின் வெளிச்சமான பக்கத்தில் ஒரு வாரம், அப்புறம்தான் அதற்கென்று பார்த்து வைத்த மூலை. தொட்டி மாற்றுவதை இந்த நாட்களில் செய்யாதீர்கள். புதுத் துளிர் ஒன்று வரும் வரை பொறுத்திருங்கள்.