ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்: பட்டனைத் தட்டினால் மட்டும் போதாது

2020இல் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வந்த கேம் இது. கணினிப் பதிப்புக்குச் சுமார் 100 ஜிபி இடம் வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் 20 எம்பிபிஎஸ் இணைப்பென்றால் டவுன்லோடுக்கே 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

சண்டை நிகழ்நேரத்தில் நடக்கும். அடிக்க அடிக்க ஏடிபி பட்டை, அதாவது கட்டளைகளுக்குச் செலவாகும் அளவு, நிரம்பும். மந்திரம், மருந்து, சிறப்புத் தாக்குதல் எல்லாம் அதைச் செலவழித்துத்தான். கட்டளைப் பட்டியலைத் திறந்தால் நேரம் ஏறக்குறைய நின்றுவிடும். யோசிக்க அவகாசம் அதுதான். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: எதிரி பாய்ந்து வரும்போது மந்திரம் போடுவார்கள். நடுவில் அடி விழுந்தால் ஏடிபியும் போச்சு, மந்திரத்துக்கான எம்பி புள்ளிகளும் போச்சு. முதலில் தடுத்து, பிறகு போடுங்கள்.

நாயகன் கிளவுட், பனிஷர் மோட் என்ற சண்டை நிலையில் தடுத்தால் உடனே திருப்பி அடிப்பான். ஆனால் தூரத்திலிருந்து வரும் குண்டுக்கு அது உதவாது. பறக்கும் எதிரிக்கு, கையில் துப்பாக்கி பொருத்திய தோழன் பேரட்டை எடுங்கள். முதல் பாஸான (பெரிய எதிரி) இயந்திரத் தேளுக்கு மின்னல் மந்திரம். அது லேசரைக் குறிவைத்தால் இடிபாட்டுக்குப் பின்னால் ஒளிய வேண்டும்.

கேமரா குறுகிய அறைகளில் படுத்துகிறது. சண்டைக்கு நடுவே சேவ் செய்ய முடியாது. ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போகும் ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் பாஸிடம் போகாதீர்கள்.