தண்டையார்பேட்டையிலிருந்து வாகைக்குளம்: டிக்கெட்ல போட்ட நேரம் வேற, போய்ச் சேர்ற நேரம் வேற

ஹார்பர்ல இறங்குற சரக்கைக் கஸ்டம்ஸ்லேர்ந்து எடுத்துக் குடுக்கற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை. சென்னை ஹார்பர் நடந்தே போற தூரம். தூத்துக்குடி ஹார்பர்லயும் சரக்கு இறங்குறதால அங்கயும் ஓடணும். அதனால மீனம்பாக்கம் - தூத்துக்குடி விமானத்தைப் பத்தி நம்ம ஏரியாக்காரங்களுக்காக எழுதுறேன்.

ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டுல ஏறக்குறைய 530 கிலோமீட்டர். டிக்கெட்ல ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கும். இவ்வளவு தூரத்துக்கு எதுக்கு இவ்ளோ நேரம்னு கேக்கலாம். ஓடுறது ஏடிஆர்-72, றெக்கைல காத்தாடி வெச்சது. மணிக்கு 500 கிலோமீட்டர் பக்கம்தான் போகும். அது போக, ரன்வே வரைக்கும் உருள்றது, ஏறுறது, இறங்குறது எல்லாத்தையும் சேர்த்துதான் அந்தக் கணக்கு. தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கற வாகைக்குளத்துல முன்னாடி ரன்வே வெறும் 1,350 மீட்டர், பெரிய ஜெட்டுக்கு அது பத்தாது. இப்போ 3 கிலோமீட்டருக்கு மேல நீட்டிட்டாங்க, 2025 ஜூலைல புது டெர்மினலும் திறந்தாச்சு.

ஏடிஆர்ல பின்பக்கக் கதவு வழியாத்தான் ஏறணும். றெக்கை மேல இருக்கறதால ஜன்னல் சீட்டுல கீழ இருக்கறது நல்லாத் தெரியும். போகும்போது இடது பக்கம் கேளுங்க, கடல் அந்தப் பக்கம்தான். காத்தாடிக்கு நேரா இருக்கற சீட்டு மட்டும் வேணாம், காதுல ரைஸ்மில் ஓடும்.

நம்மளுக்கு உண்மையான லாபம் மெட்ரோதான். 2021 பிப்ரவரில வண்ணாரப்பேட்டைலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் நீட்டினாங்க. அதுக்கு முன்னாடி காலை ஃபிளைட்டுன்னா விடியறதுக்குள்ள ஆட்டோக்காரர் கால்ல விழணும். மத்த நேரத்துல கன்டெய்னர் லாரி வரிசை, அதைத் தாண்டினா கிண்டி. இப்போ தண்டையார்பேட்டைல ஏறி உக்காந்தா வண்டி மாறாம ஒரு மணி நேரத்துக்குள்ள ஏர்போர்ட். ஆட்டோவுக்கு அழுத காசுக்கு முன்னாடி மெட்ரோ டிக்கெட் விலை ஒண்ணுமே இல்ல.

பெட்டி போடுறதா இருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே கவுன்ட்டரை மூடிடுவாங்க. மெட்ரோ, காத்திருப்பு, விமானம், வாகைக்குளத்துலேர்ந்து ஊருக்குள்ள கார், எல்லாம் கூட்டினா அஞ்சு மணி நேரம் ஆகும். அந்தக் கார்லதான் எனக்கு எரிச்சல்: ஃபிளைட் லேட்டானா, கார்க்காரங்க சொல்றதுதான் ரேட்டு. ஆபீஸ் வண்டி அனுப்பினா ஒழிய நிம்மதி கிடையாது.

அப்போ முத்துநகர் எக்ஸ்பிரஸ்? ராத்திரி ஏறிப் படுத்தா விடிஞ்சா தூத்துக்குடி. குடும்பத்தோட போறவங்களுக்கு என் ஓட்டு அதுக்குத்தான். காலைல கஸ்டம்ஸ்ல கையெழுத்து, ராத்திரிச் சாப்பாடு வீட்டுலன்னு அலையற என்னை மாதிரி ஆளுக்கு மட்டும் விமானம், அதுவும் கம்பெனி காசுன்னா.

திரும்பும்போது மக்ரூன் டப்பாவைக் கைப்பையிலயே வைங்க. பெட்டில போட்டா, தண்டையார்பேட்டைல தூளைத்தான் பங்கு போடணும்.