ஆழாக்கா, டிஜிட்டல் தராசா?

டெல்லிக்குப் புதிதாகக் குடிவந்து, கரோல் பாகில் சமையலறைச் சாமான் வாங்கப் போகும் நம்மவர்களுக்கு வரும் சந்தேகம் இது.

விலை: ஆழாக்கு பெரும்பாலும் ஊரிலிருந்தே வந்துவிடும். தராசுக்குச் சில நூறு ரூபாய் ஆகும்.

உழைப்பு: ஆழாக்கு தலைமுறை தாண்டும். தராசுக்கு பேட்டரி மாற்ற வேண்டும், ஈரமும் ஆகாது.

துல்லியம்: இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆழாக்கு கொள்ளளவைச் சொல்லும், தராசு எடையைச் சொல்லும். தளர்வாக நிரப்பிய ஒரு கப் மைதா சுமார் 120 கிராம். அதையே அழுத்தி நிரப்பினால் 150 கிராம்கூட வரும், கேக் கெட்டியாகிவிடும். கிராம் அப்படி ஆளுக்கு ஆள் மாறாது. 2019 மே 20 முதல் கிலோகிராமை பிளாங்க் மாறிலி என்ற, எங்கும் எப்போதும் மாறாத இயற்பியல் எண்ணைக் கொண்டே வரையறுக்கிறார்கள். அதற்கு முன் நாட்டின் எடைகளுக்கெல்லாம் ஆதாரமாக இருந்த 57ஆம் எண் கிலோகிராம் கட்டி, இதே டெல்லியில், தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. எனக்கு அதில் தனிப் பெருமை!

இட்லிக்கு ஆழாக்கே போதும். நாலுக்கு ஒன்று என்பது விகிதம்தானே, அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே ஆழாக்காக இருந்தால் சரி. கேக், ரொட்டி, சர்க்கரை நோயாளிக்கு அளந்து போடும் சாப்பாடு என்றால் தராசு வாங்குங்கள். அப்புறம், ஈஸ்ட் மாதிரி ஓரிரு கிராம் சங்கதிக்குச் சமையலறைத் தராசு தடுமாறும். அளவுக் கரண்டியே மேல்.