மரமுந்திரிகைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கவனத்துக்கு

வாழைச்சேனை தாண்டி வாகரைப் பக்கம் உள்ள ஒரு மரமுந்திரிகைப் பூங்காவுக்கு நத்தார் விடுமுறையில் குடும்பமாகப் போனோம். பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் மட்டக்களப்பில் பிள்ளைகள் உள்ள எல்லோரும் அறிய வேண்டும்.

விளம்பரத்தில் மரம் நிறையச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பழங்கள், "நீங்களே பறித்துச் சாப்பிடலாம்" என்ற வரி. மார்கழியில் ஏது பழம் என்று போனில் கேட்டேன். "இது புது இனம், வருஷம் முழுக்கக் காய்க்கும்" என்றார்கள். பெரியவருக்கு 1500 ரூபா, பிள்ளைக்கு 1000. உள்ளே போனால் பெயருக்குக்கூட ஒரு பழம் இல்லை. மாரி மழை ஓய்ந்த பிறகு பூத்து, பங்குனி சித்திரையில் பழுக்கிற அதே மரங்கள்தான். மழையில் நனைந்த இலையைப் பார்க்கவா இவ்வளவு காசு?

காசு போனதைவிட அடுத்து நடந்ததுதான் பெரிய கொடுமை. "கொட்டை உடைத்துப் பாருங்கள்" என்று ஒரு கொட்டில். வறுக்காத பச்சைக் கொட்டைகளையும் சின்னச் சுத்தியலையும் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். கையுறை இல்லை, பூசிக்கொள்ள எண்ணெய் இல்லை, சாம்பல் இல்லை. நான் தடுக்கப் போனேன். அங்கு நின்ற தம்பி, "ஒண்டும் செய்யாது அக்கா, பிள்ளைகள் பழகட்டும்" என்றார். அதற்குள் என் அக்காவின் மகள் இரண்டு மூன்றை உடைத்துவிட்டாள்.

மரமுந்திரிகைத் தோட்டின் பால் பட்டால் தோல் வெந்துவிடும். தோட்டுக்குள் இருக்கும் அந்த எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டோல் என்று தோலை எரிக்கிற பொருட்கள் உண்டு. சிலருக்கு உடனே எரியும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் வரும். சுடும்போது எழும் புகையும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. தலைமுறையாகக் கொட்டை உடைக்கிற நம் பெண்களே கையைக் காக்காமல் உட்கார மாட்டார்கள். பிள்ளைக்கு மறுநாள் விரல் இடுக்கெல்லாம் பொங்கி, கண்ணைக் கசக்கியதில் இமையும் வீங்கிவிட்டது. வைத்தியர் களிம்பு கொடுத்தார். இன்னும் தோல் உரிகிறது.

வெளியே வரும் வழியில் "எங்கள் தோட்டத்துப் பருப்பு" என்று கடை விலையைவிடக் கூட்டி விற்கிறார்கள். மேசைக்குப் பின்னால் கிடந்த பெட்டியில் வியட்நாம் என்று அச்சிட்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

பிறகு போன் எடுத்துக் காயத்தைச் சொன்னால், "டிக்கெட்டில் எங்கள் பொறுப்பு இல்லை என்று போட்டிருக்கிறோம்" என்கிறார் முகாமையாளர். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டேன். இதே இடத்தில் ஏமாந்தவர்கள் டிக்கெட்டோடும் படங்களோடும் நீங்களும் கொடுங்கள். அங்கே போய் வந்த பிள்ளை இருந்தால் உடனே சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள், உடுப்பை மாற்றுங்கள், கண்ணில் கை வைக்க விடாதீர்கள். கொப்புளம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.