நிற்கும் பந்தா, உருளும் பந்தா?

அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலில் குறி பார்த்து அடிக்கப் பழக்குவதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. கோலின் மூலைகளில் துணியைத் தொங்கவிட்டு நிற்கும் பந்தை அடிப்பது ஒன்று. பிவட் எனப்படும் முன்கள ஆட்டக்காரர் கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி உருட்டிவிட, ஓடி வருபவர் அதை நிறுத்தாமல் அடிப்பது இன்னொன்று.

முதலாவதற்கு ஆள் துணை வேண்டாம். இருபது அடித்தால் எத்தனை துணியில் பட்டது என்று எண்ணிக்கொள்ளலாம். பந்தில் கால் எங்கே படுகிறது என்று பார்க்க நிதானம் கிடைக்கும். புதிதாக ஆட வருபவருக்கு இதுதான் சரி. ஆனால் தொங்கும் துணி முன்னால் ஓடி வராது, கீப்பர் வருவார். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம்தான். அவர் இரண்டடி முன்னே வந்து கையை விரித்து, ஒரு முட்டியை மடக்கி உட்கார்ந்தால், துணி கட்டிய மூலைகளில் பாதி மறைந்துவிடும்.

ஆட்டத்துக்கு நெருக்கமானது இரண்டாவதுதான். ஃபுட்சால் பந்து 4ஆம் அளவு, துள்ளல் குறைவு. 2 மீட்டரிலிருந்து போட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. தரையோடு வரும் அந்தப் பந்துக்கு ஊன்றுகாலை எங்கே வைப்பது என்பதிலேயே பாதிக் குறி இருக்கிறது. காலை ஓங்க நேரமில்லாதபோது நுனிக்கால் குத்து கைகொடுக்கும். 2002 உலகக் கோப்பை அரையிறுதியில் துருக்கிக்கு எதிராக பிரேசிலின் ரொனால்டோ அடித்த கோல் அப்படிப்பட்டதுதான். சிறு வயதில் ஃபுட்சால் ஆடியவர் அவர்.

இதிலேயே தூரத்துக் கம்பத்தருகே மூன்றாவது ஆளை நிறுத்திப் பாருங்கள். அந்தக் கம்பத்தைக் குறிவைத்துத் தாழ்வாக அடித்தால், சற்று விலகிப் போகும் பந்தும் அவருக்குப் பாஸ் ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. ஒரே தொல்லை, வரிசை நீண்டால் ஆளுக்கு நாலு அடிகூடக் கிடைக்காது. வரிசைக்கு மூன்று பேர் போதும்.

அப்போ துணியைக் கழற்றிவிடலாமா? வேண்டாம். ஒரு பாதியில் எதிரணி ஆறாவது ஃபவுல் செய்தால், தடுப்புச் சுவர் இல்லாமல் 10 மீட்டரில் நிற்கும் பந்தை அடிக்க வேண்டிவரும். அது பெரும்பாலும் பாதி முடியும் நேரத்தில், மூச்சு வாங்கும்போதுதான் வரும். அதனால் துணிப் பயிற்சியை நான் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுவேன்.